பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த புலி

1

பம்பாய்க்கு வந்து இந்தத் தை மாதத்தோடு பதினெட்டு வருஷம் நிறைந்துவிட்டது. "அங்கத்திய வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதேன், நாங்கள் எல்லோரும் படிப்போம்" என்று பாலக்காட்டிலிருந்து என் சிநேகிதி ஒவ்வொரு கடிதத்திலும் நச்சரிக்கிறாள். அவள் எதிர்பார்ப்பது சமுத்திரக்கரை, மின்சார ரயில், அடுக்கடுக்கான மாடி வீடுகள். அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இப்போது எனக்கு இருக்கும் எரிச்சலில் சமுத்திரமே கண்ணுக்குத் தெரியவில்லை. என் பெண் தங்கம் வரைந்த ஒரு புலிப் படத்தை வைத்துக்கொண்டு எங்கள் மாதுங்கா வீட்டின் முன்னறையில் நடந்த கூத்தைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. எழுதும்போது எனக்கே குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

2

சென்ற வருஷம் தாதர் பக்கத்து மைதானம் ஒன்றில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண்புலி குட்டி போட்டிருந்தது. அதன் கூண்டைச் சாக்குப் படுதாவால் மூடி வைத்து, தனி டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் படுதாவைத் தூக்கிக் காட்டினார்கள். தங்கத்தின் பிடுங்கல் பொறுக்காமல் நானும் அவளோடு போய் நின்றேன்.

புலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தது. காவலுக்கு நின்றவன் மலையாளத்துக்காரன். எங்கள் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் என்று தெரிந்துகொண்டு பல்லைக் காட்டினான்.

"ஆள் கூடி நோக்கினா அவள் குட்டியைத் தின்னும், அம்மா. மூணு உண்டாயிருந்தது. இப்போ ஒண்ணே உள்ளூ" என்றான்.

சொல்லி முடித்ததும் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, அடுத்த கும்பலுக்காகப் படுதாவை இன்னும் மேலே தூக்கினான். எனக்கு அங்கேயே அருவருப்பாகப் போயிற்று. அது அவன் மேல் வந்ததா, டிக்கெட் வாங்கி நின்ற எங்கள் எல்லோர் மேலும் வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தங்கம் மட்டும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. வரைவதும் கிழிப்பதுமாக இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் வந்த படத்தில் கூண்டு இல்லை. புலி புல்வெளியில் நடக்கிறது. அந்தப் புல்கூட எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்து பார்த்து வரைந்தது. பம்பாயில் பிறந்த பெண் வேறே எந்தக் காட்டைக் கண்டாள்? புலியின் வாயில் குட்டி தொங்குகிறது. தாயின் கண் குட்டி மேல் இல்லை. நேராக நம் மேல் இருக்கிறது. பத்திரமான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறதா, அல்லது இன்னும் கொஞ்சம் வாயை அழுத்தப் போகிறதா என்று எத்தனை நேரம் பார்த்தாலும் தெரியாது. படத்துக்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினோம். ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் போவேன்.

3

"பம்பாயில் பெண்களுக்கு ரொம்பச் சுதந்திரமாமே" என்றும் சிநேகிதி எழுதுவாள். சுதந்திரம் இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி. காலையில் கொஞ்ச நேரம் வரும்; பிடித்தவர்களுக்கு உண்டு.

பாலக்காட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பின்னலில் சவுரி வைத்திருக்கிறேனா என்று சோதிக்க என் தலையை அவிழ்த்துப் பார்த்தார்கள். கால் விரல்களைத் தரையில் சரியாகப் பதிக்கிறேனா என்று ஒருத்தி குனிந்து பார்த்தாள். அந்த அருவருப்பு இன்னும் என் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரயிலேறி இத்தனை தூரம் வந்தால் அதெல்லாம் அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து மாதுங்காவில் குடியேறியிருந்தது.

இங்கே தலையை அவிழ்ப்பதில்லை. பெண்ணின் கைவேலையைப் பார்க்கிறார்கள். பாசிமணிக் கிளி, கம்பளி நாய்க்குட்டி, துணியில் ஊசியால் தைத்த ரோஜா என்று முன்னறைச் சுவரில் மாட்டி வைக்கவேண்டும். எல்லாப் பெண்களுக்கும் கைவேலை வருமா? வராது. அதனால் எங்கள் கட்டடத்தில் ஒரு ஏற்பாடு. மூன்றாம் மாடி கோமதி வீட்டுப் பாசிமணிக் கிளி, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களோ அந்த வீட்டுக்குப் பறந்து போகும். அந்தக் கிளியைத் தாங்களே செய்ததாகச் சொல்லிக் கல்யாணமாகிப் போன பெண்கள் எத்தனையோ பேர். வருகிறவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்ணையும் அப்படித்தானே தள்ளிவிட்டார்கள். "ரொம்ப நன்னா இருக்கு" என்று அவர்கள் பொய் சொல்ல, "அவளேதான் பண்ணினா" என்று நாம் பொய் சொல்ல, கிளி மட்டும் வாயைத் திறக்காமல் தொங்கும்.

தங்கத்துக்கு வரன் வந்தபோது கோமதி கிளியைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்களுக்கு வேண்டாம், எங்காத்துல நிஜமாவே ஒண்ணு இருக்கு" என்று நான் பெருமையோடு சொல்லி அனுப்பினேன்.

4

இந்த யுத்த காலத்தில் சர்க்கரை கிடைப்பது குதிரைக்கொம்பு. ரேஷன் ஆபீசுக்கு என் கணவர் நடையாய் நடந்தார். இவர் அங்கே இங்கிலீஷில் பேசுவார், அவர்கள் மராட்டியில் பதில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு என்றால் விண்ணப்பம் போட்டுக் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாமாம். பெண் பார்க்க வருவதற்குக் கிடையாதாம். "எத்தனை தடவை பார்ப்பார்கள்?" என்று அந்தக் குமாஸ்தா கேட்டானாம். நியாயமான கேள்விதான். கட்டடத்தில் ஆளுக்கு ஒரு கரண்டியாகக் கடன் வாங்கிக் கேசரி கிளறினேன்.

மூன்று பேர் வந்தார்கள். பிள்ளை ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை, பெயர் சந்திரன். அவன் அம்மா. அம்மாவின் அண்ணா, அதாவது பிள்ளையின் மாமா. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் மாமா வைத்ததுதான் சட்டம். அவர் செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகம். தாராவிப் பக்கமிருந்து தோல் ஊறும் வாடை காற்றில் வந்தது. அவர் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, "இங்கே எப்படி ஸார் குடித்தனம் பண்றேள்?" என்று கேட்டார். அவர் காலில் பளபளவென்று புது பூட்ஸ். அந்தத் தோல் எங்கே ஊறியது என்று நினைத்தாரோ தெரியவில்லை.

பிள்ளையின் அம்மா படத்தைப் பார்த்தாள்.

"இது யார் பண்ணினது?"

"தங்கந்தான் வரைஞ்சா" என்றேன்.

அவள் அண்ணாவைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படித்தான் சொல்லணும். என் பொண்ணுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன்."

பிறகு படத்துக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாள். "என்ன இருந்தாலும் தாய் தாய்தான். பாருங்கோ, ஒரு பல்லு படாம எத்தனை பதனமா கவ்விண்டு போறது. மிருகமானா என்ன, பெத்த வயிறு." முந்தானையால் கண்ணைக் கூட ஒற்றிக்கொண்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான், தண்ணீர் நின்றுபோனால் கீழேயிருந்து இரண்டு கையிலும் வாளியோடு தங்கத்தால் மாடி ஏற முடியுமா என்று என்னிடம் விசாரித்திருந்தாள்.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த சந்திரன் படத்துக்குக் கிட்டே போனான். நெடுநேரம் பார்த்தான். திரும்பி, என்னையோ அவன் அம்மாவையோ கேட்காமல் நேராகத் தங்கத்தைக் கேட்டான்.

"இது தூக்கிண்டு போறதா, திங்கப் போறதா?"

தங்கம் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலை. அதனாலதான் வரைஞ்சேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்தது உண்மை. இத்தனை வீடு, இத்தனை சுவர், இத்தனை கிளிகளுக்கு நடுவில் ஒருவன் படத்தைப் படமாகப் பார்த்துவிட்டான். என் பெண் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

5

அதற்குள் மாமா எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிட்டே போனார், எட்ட வந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

"புலி என்ன நிறம்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"புலி நிறந்தான்."

"காவி. வயத்துல?"

"வெள்ளை."

"கீழே?"

"புல்லு, ஸார்."

"பச்சை" என்றார் மாமா. குரலை இன்னும் இறக்கினார். "மேல காவி, நடுவுல வெள்ளை, கீழே பச்சை. கொடியைன்னா மாட்டி வெச்சிருக்கேள். தாய்ன்னா யாரு? தேசம். குட்டின்னா நாம. கவ்விண்டு எங்கே போறா? விடுதலைக்கு. இதை நான் விளக்க வேற செய்யணுமா? பையன் ராணுவ ஆபீசுல இருக்கான். நான் எங்கே இருக்கேன்னு உங்களுக்கே தெரியும். கொடி பிடிச்சவாளையெல்லாம் உள்ளே தள்ளிண்டிருக்கற காலம் இது."

இத்தனை வருஷமாகப் புலிகள் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. புல்லும் பச்சையாகத்தான் முளைக்கிறது. துரைமார்கள் சுட்டுத் தள்ளிய புலிகளுக்கெல்லாம் வயிறு வேறு நிறத்திலா இருந்தது? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் என் கணவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"யார் வரைஞ்சது இது?" என்று மாமா கேட்டார்.

"வாங்கினது, ஸார். சோர் பஜார்ல" என்றார் என் கணவர்.

பெற்ற பெண் பக்கத்தில் நிற்கிறாள். அவள் இரண்டு மாத உழைப்பு சுவரில் தொங்குகிறது. ஒரு மூச்சில் திருட்டுச் சாமான் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றாள் பிள்ளையின் அம்மா, திருப்தியாக.

மாமா மருமானைப் பார்த்தார். "நீ என்னடா சொல்றே?"

சந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பச்சையை மட்டும் மாத்திட்டாப் போறும்னு தோண்றது" என்றான்.

கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள்.

6

கோபத்தில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தங்கத்துக்கு மட்டும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"மாமா எதிர்க்க வேற என்னம்மா சொல்வார்? ஜானே தோ, விடு. அவர் பார்த்தார் இல்லையா? அது போறும்" என்றாள்.

இந்தக் குழந்தை தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். என் சிநேகிதியின் கடிதத்தில் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி விடும். கோபம், சந்தோஷம் எது வந்தாலும் பாதிப் பேச்சு இந்துஸ்தானிக்குப் போய்விடும். ஆனால் ஆசை என்று வந்துவிட்டால் பாலக்காட்டிலும் பம்பாயிலும் பெண்களின் முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். ஒரு கேள்வி கேட்ட பையனுக்காக இத்தனை சந்தோஷமா என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லையே என்றும் தோன்றியது.

என் கணவர் மட்டும் ஓயவில்லை. "புல்லைக் கொஞ்சம் மஞ்சளாப் பண்ணிடேன். கோடைக்காலத்துப் புல்லுன்னு இருக்கட்டும்" என்று தினமும் கெஞ்சினார்.

"புல்லு பச்சைதாம்ப்பா" என்பாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கமும் அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு, பாதிக் கல்லும் மீதிப் புழுவுமாக வாங்கிக்கொண்டு வந்தோம். முன்னறையில் பெயிண்ட் நாற்றம். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புப் பூசச் சொன்னார்கள் அல்லவா, அதில் மிஞ்சிய டப்பா பரணில் கிடந்தது. என் கணவர் அதை எடுத்து, படத்தின் கண்ணாடி மேல், புல் இருக்கும் இடம் முழுவதும் பூசிவிட்டிருந்தார். அவர் என்ன ஓவியரா? பூச்சு எல்லை தாண்டி ஓடியிருக்கிறது. புலியின் கால்கள் போயின, தொங்குகிற குட்டியில் பாதி போயிற்று. கறுப்புக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கண்ணாடியிலதான் அடிச்சிருக்கேன், படத்துல ஒரு பொட்டு படலை. சண்டை முடிஞ்சதும் சுரண்டிக்கலாம்" என்றார். குரலில் சாமர்த்தியம் செய்துவிட்ட பெருமை வேறு. மாமாவை ரயிலில் பார்த்து, கவனித்தாகிவிட்டது என்று தகவலும் சொல்லிவிட்டாராம். அடுத்த ஞாயிறு பேசி முடிக்க வருகிறார்களாம்.

கல்யாணத்தையும் அப்படித்தான் செய்யப் போகிறோமா, பிறகு சுரண்டிக்கொள்ளலாம் என்று? நான் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன், அப்போதே சுரண்டிவிட. தங்கம் என் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்மா. அவர் வந்து பார்க்கட்டும்" என்றாள்.

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

7

மறுபடியும் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை. மறுபடியும் அதே மூவர். மாமா வந்ததும் சுவரைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்தக் கறுப்பில் ஒரு ராஜத்துரோகமும் தெரியவில்லை.

பிள்ளையின் அம்மாதான் படத்தைக் கிட்டே போய் ரசித்தாள்.

"இது வேறயா? அன்னிக்கு இருந்தது கடையில வாங்கினதுன்னு சொன்னார். இது பொண்ணு வரைஞ்சதுபோல இருக்கு. பார்த்தாலே தெரியறது. அதைவிட இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. குட்டி இருட்டுக்குள்ளே அம்மாகிட்டே ஒளிஞ்சுண்டிருக்கு, பாவம். அடக்கமான கை. இந்தக் கைதான் எங்காத்துக்கு வரணும்."

என் கணவர் சிரிக்க முயன்றார். தங்கம் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது அப்பாவோட கை, மாமி. என் கை அடியில இருக்கு" என்றாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? முகூர்த்தத்தைப் பத்திப் பேசுவோம்" என்றார் மாமா.

தங்கம் அவரைப் பார்க்கவே இல்லை. சந்திரனைப் பார்த்துக் கேட்டாள். குரல் சண்டைக்குப் போகிற குரல் இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் குரல்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேளே. இப்ப நீங்க சொல்லுங்கோ. அது என்ன பண்றது?"

அவன் படத்தைப் பார்த்தான். கறுப்புக்கு மேலே இருந்த அந்தக் கண்களைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. வாயைக் கூடத் திறந்தான். பிறகு திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றான் சந்திரன்.

"சரி" என்றாள் தங்கம். கொண்டுவந்த காப்பியை ஒருவருக்கும் கொடுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. உள்ளே போனபின் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"பொண்ணு கொஞ்சம் வெடுக்குன்னு பேசறா. போகப் போகச் சரியாப் போயிடும்" என்றாள் பிள்ளையின் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "கேசரி வாசனை வரதே, இன்னும் ஆகலையா?" என்று கேட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தேன்.